தொடக்க உயிரியின் உருமாற்றமும் மோதலும்: போக்கிமான் முதல் தலைமுறை விளையாட்டுகளில் தோழமையும் கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

உயிரிகளைச் சேகரித்து மோதவிடும் காணொளி விளையாட்டு வகையில் போக்கிமான் வரிசை முதன்மையானது. அதன் தொடக்கத்தில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் முதல் உயிரி, கதைத்தளத்தில் தோழனாகவும் விதித்தளத்தில் மோதற் கருவியாகவும் இயங்குகிறது. இவ்விரு நிலைகளும் எங்கே இணைகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை 1996-இல் வெளிவந்த சிவப்பு, பச்சைப் பதிப்புகளையும் 1998-இல் வெளிவந்த மஞ்சள் பதிப்பையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சார்மாண்டர் என்னும் தீ உயிரி முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. உருமாற்றத்தை நிறுத்திவைக்கும் பொத்தானும், உருமாற மறுக்கும் பிக்காச்சுவும் இவ்விளையாட்டின் அறச்சிக்கலை வெளிப்படுத்தும் இரு புள்ளிகள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டுத் திறனாய்வு, போக்கிமான், தொடக்க உயிரி, உருமாற்றம், விதியும் புனைவும், தோழமை.

முன்னுரை

கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை ஆராயும் கருவிகளைக்கொண்டு காணொளி விளையாட்டை முழுமையாக அளந்துவிட இயலாது. விளையாட்டில் கதை ஒரு பகுதி. விதி மற்றொரு பகுதி. யெஸ்பர் யூல் 2005-இல் வெளியிட்ட 'ஹாஃப்-ரியல்' என்னும் நூலில் இவ்விரட்டைத் தன்மையை விளக்கினார். ஆட்டக்காரர் வெல்லும் கற்பனைப் பகைவன் மெய்யானவன் அல்லன்; ஆனால் வெற்றியைத் தீர்மானித்த விதி மெய்யானது என்பது அவர் வாதத்தின் சாரம். இயன் போகோஸ்ட் 2007-இல் எழுதிய 'பர்சுவேசிவ் கேம்ஸ்' என்னும் நூல், விதிகளே ஒரு கருத்தை வலியுறுத்தும் பேச்சாக அமையக்கூடும் என்று நிறுவியது. எனவே ஒரு விளையாட்டு தன் உரையாடல்களில் சொல்வதையும் தன் விதிகளால் செய்வதையும் தனித்தனியே கண்டு, பின்னர் ஒப்பிடுவது திறனாய்வாளரின் பணியாகிறது.

போக்கிமான் வரிசையின் முதல் இரு பதிப்புகளான சிவப்பும் பச்சையும் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தன. கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய இவற்றின் மூலவர் சதோஷி தஜிரி. உயிரிகள் வெறும் கருவிகள் அல்ல, நண்பர்கள் என்று விளையாட்டின் மாந்தர்கள் மீண்டும் மீண்டும் கூறுகின்றனர். விதிகளும் அவ்வாறே கூறுகின்றனவா என்பதே இங்கு எழும் வினா.

1. பரிணாமமா, உருமாற்றமா

தஜிரி சிறுவயதில் டோக்கியோவை ஒட்டிய மச்சிதா பகுதியில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தவர். நகரம் பெருகப் பெருகக் குளங்களும் புதர்களும் மறைந்தன. அந்த அனுபவமே இவ்விளையாட்டின் ஊற்று என்று அவர் நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். இப்பின்புலம் ஒரு கலைச்சொற் சிக்கலைத் தெளிவாக்குகிறது. உயிரி ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்திற்கு மாறுவதைக் குறிக்க ஜப்பானிய மூலம் 'ஷின்கா' என்னும் சொல்லை ஆள்கிறது. அது உயிரியலில் பரிணாமத்தைக் குறிக்கும் சொல். ஆயினும் பரிணாமம் பல தலைமுறைகளில் ஓர் இனத்திற்கு நிகழ்வது. விளையாட்டில் நிகழ்வதோ ஒரே உயிரியின் வாழ்நாளில் சில நொடிகளில் முடிந்துவிடுவது. கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாவதைப் போன்றது அது. விளையாட்டின் தொடக்கக் காட்டில் கிடைக்கும் கேட்டர்பி என்னும் புழு 7-ஆம் நிலையில் கூட்டுப்புழுவாகவும், 10-ஆம் நிலையில் வண்ணத்துப்பூச்சியாகவும் மாறுவது இந்த மூலத்தை வெளிப்படையாகவே காட்டுகிறது.

ஆகவே தமிழில் இதனைப் 'பரிணாமம்' என்பதைவிட 'உருமாற்றம்' என்பதே பொருத்தம். இச்சொல் தேர்வு வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று. பரிணாமத்தில் தனி உயிரிக்குத் தொடர்ச்சி இல்லை, உருமாற்றத்தில் உண்டு. மாறிய பின்னும் 'அதே உயிரி' என்று சொல்ல முடிவதால்தான், 'அது உண்மையில் அதேதானா' என்ற வினாவும் எழுகிறது. தொடக்க உயிரியின் மீது ஆட்டக்காரர் கொள்ளும் பற்று முழுவதும் இவ்வினாவின் மேல் நிற்கிறது.

2. மீளாத் தேர்வு

பேராசிரியர் ஓக்கின் ஆய்வுக்கூடத்தில் மூன்று உயிரிகள் வைக்கப்பட்டுள்ளன: புல் தன்மையுடைய புல்பசார், தீத் தன்மையுடைய சார்மாண்டர், நீர்த் தன்மையுடைய ஸ்குவர்ட்டில். தீ புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். நீர் தீயை வெல்லும். இம்மூன்றில் ஒன்றையே பெற முடியும். மற்ற இரண்டும் இவ்விரு பதிப்புகளின் காடுகளில் கிடைப்பதில்லை. இணைப்புக் கம்பி வழியாக வேறொருவரிடமிருந்து பெற்றால்தான் உண்டு. 151 உயிரிகள் கொண்ட உலகில் பெரும்பாலானவை தேடினால் கிடைப்பவை. தொடக்க உயிரியோ கொடுக்கப்படுவது. ஒருமுறை மட்டுமே கொடுக்கப்படுவது. அதன் மதிப்பு இந்த அருமையிலிருந்து பிறக்கிறது.

தேர்வுக்குப் பின் எதிராளியான சிறுவன், ஆட்டக்காரர் எடுத்ததை வெல்லக்கூடிய உயிரியையே எடுத்துக்கொள்கிறான். சார்மாண்டரை எடுத்தால் அவன் ஸ்குவர்ட்டிலை எடுப்பான். எதை எடுத்தாலும் பகை அதற்கேற்ப அமையும் என்பதால், குற்றமற்ற தேர்வு என்று ஒன்று இங்கு இல்லை. ஆனால் உடனே அதே கூடத்தில் நிகழும் முதல் மோதலில் இப்பகை செயல்படுவதில்லை. 5-ஆம் நிலையில் சார்மாண்டருக்குத் தெரிந்தவை கீறலும் உறுமலும். ஸ்குவர்ட்டிலுக்குத் தெரிந்தவை முட்டலும் வாலாட்டலும். தீயும் நீரும் இன்னும் வெளிப்படவில்லை. தோற்றாலும் தண்டனை இல்லை, கதை தொடர்கிறது. இரு குட்டிகளின் சண்டையாகத் தொடங்குவது, பின்னரே தன்மைகளின் போராக வளர்கிறது. இறுதியில் வாகையர் அரங்கில் அதே சிறுவன், அதே உயிரியின் முழு வளர்ச்சி வடிவமான பிளாஸ்டாய்ஸை 65-ஆம் நிலையில் நிறுத்துவான். முதல் நாளின் தேர்வு கடைசி நாள்வரை எதிரில் வந்து நிற்கிறது.

3. மோதலின் கணக்கு

சார்மாண்டரைத் தேர்ந்தவர்க்கு விளையாட்டு கடினமாகும் என்பது ஆட்டக்காரரிடையே பரவலான கருத்து. முதல் பயிற்சிக்கூடத் தலைவர் பிராக் பாறைத் தன்மையுடைய இரு உயிரிகளை வைத்திருக்கிறார்: 12-ஆம் நிலை ஜியோட்யூட், 14-ஆம் நிலை ஓனிக்ஸ். இரண்டும் பாறையும் நிலமும் கலந்தவை. நீர், புல் ஆகியவற்றின் தாக்குதல் இவற்றின்மேல் நான்கு மடங்காகும். ஸ்குவர்ட்டில் 8-ஆம் நிலையில் நீர்க்குமிழியைக் கற்கிறது. புல்பசார் 13-ஆம் நிலையில் கொடிச்சாட்டையைக் கற்கிறது. சார்மாண்டரின் தீயோ பாறைமேல் பாதியாகக் குறைகிறது. இரண்டாம் தலைவர் மிஸ்டி நீர்த் தன்மையினர். ஆக, முதல் இரு கூடங்களும் சார்மாண்டருக்கு எதிரானவை.

எனினும் கணக்கை நுணுகி நோக்கினால் வேறொன்று புலப்படும். சார்மாண்டரின் கீறலுக்கும் 9-ஆம் நிலையில் அது கற்கும் தீப்பொறிக்கும் அடிப்படை வலிமை ஒன்றே: 40. பாறைமேல் இரண்டும் பாதியாகின்றன. ஆனால் கீறல் உடல்வழித் தாக்குதல். அதனை ஓனிக்ஸின் தற்காப்பு எதிர்கொள்கிறது, அதன் அடிப்படை மதிப்பு 160. தீப்பொறியை எதிர்கொள்வது 'சிறப்பு' என்னும் வேறொரு பண்பு. ஓனிக்ஸுக்கு அது வெறும் 30. மேலும் தன் தன்மைக்குரிய தாக்குதலை உயிரி கையாளும்போது ஒன்றரை மடங்கு வலிமை சேரும். ஆகவே மலைபோல் தோன்றும் ஓனிக்ஸ், பயன்படாது என்று கருதப்படும் தீக்கே இடம் கொடுக்கிறது. தன்மை அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவர் தீப்பொறியைத் தவிர்ப்பார். எண்ணிக்கையை உணர்ந்தவர் அதையே கையாள்வார்.

இங்கு விளையாட்டின் விதிகள் ஒரு கருத்தைச் சொல்கின்றன: வலிமை என்பது உயிரியின் உள்ளே நிலையாக இருப்பதன்று, எதிரில் நிற்பவரைப் பொறுத்து மாறுவது. மெலிந்தது எனப்பட்ட உயிரியைக்கொண்டு முதல் தடையைக் கடந்தவர் அதன்மேல் கொள்ளும் பற்று, கதையின் உரையாடலால் ஏற்பட்டதன்று. அது அந்தக் கணக்கினுள் பிறந்தது. 2004-இல் வெளிவந்த மறுவாக்கமான ஃபயர்ரெட் பதிப்பில் சார்மாண்டர் 13-ஆம் நிலையில் பாறையை எளிதில் வெல்லும் எஃகுத் தாக்குதல் ஒன்றைக் கற்குமாறு மாற்றப்பட்டது. தடை குறைந்தது, தடையைக் கண்டுணர்ந்து கடக்கும் வாய்ப்பும் அதனுடன் குறைந்தது. இம்மாற்றம் நியாயமானது என்று வாதிட இடமுண்டு. ஆனால் எதை விலையாகக் கொடுத்தது என்பதையும் குறிப்பிடவேண்டும்.

4. உருமாற்றத்தின் ஆதாயமும் இழப்பும்

சார்மாண்டர் 16-ஆம் நிலையில் சார்மிலியனாகவும், 36-ஆம் நிலையில் சாரிசார்டாகவும் மாறுகிறது. முதல் தலைமுறையில் உயிரிகளின் ஐந்து அடிப்படைப் பண்புகளையும் கூட்டினால் சார்மாண்டருக்கு 249, சார்மிலியனுக்கு 325, சாரிசார்டுக்கு 425 வரும். இவ்வளர்ச்சிக்கான உழைப்பும் சீராக இல்லை. 16-ஆம் நிலையை எட்ட மொத்தம் 2,535 அனுபவப் புள்ளிகள் போதும். 36-ஆம் நிலைக்கு 40,007 தேவை. முதல் மாற்றம் பயணத்தின் தொடக்கத்திலேயே பரிசுபோல் வந்துவிடுகிறது. இரண்டாம் மாற்றம் நீண்ட காத்திருப்பின் பயனாக வருகிறது.

ஆனால் உருமாற்றம் முழு ஆதாயம் அன்று. சாரிசார்ட் தீயுடன் பறத்தல் தன்மையையும் பெறுகிறது. அதனால் நிலத் தாக்குதல் அதனைத் தீண்டாது. புல்லின் தாக்குதல் கால் பங்காகிறது. மறுபுறம் மின் தாக்குதல் இரு மடங்காகிறது. பாறைத் தாக்குதல் நான்கு மடங்காகிறது. குட்டியாக இருந்தபோது பிராக்கின் பாறைக்கு அஞ்சிய உயிரி, வளர்ந்தபின் பாறைக்கு மேலும் மிகுதியாக அஞ்சவேண்டியதாகிறது. இன்னொரு முரணும் உண்டு. சிவப்பு, பச்சைப் பதிப்புகளில் இறக்கை விரித்த சாரிசார்டால் 'பறத்தல்' என்னும் செயலைக் கற்க இயலாது. ஓவியத்தில் இறக்கை உண்டு, விதியில் இல்லை. மஞ்சள் பதிப்பிலேயே இக்குறை நீங்கியது. கென் சுகிமோரியின் ஓவியம் அளிக்கும் வாக்குறுதியை விதி நிறைவேற்றாத இவ்விடம், புனைவும் விதியும் தனித்தனியே நெய்யப்பட்டவை என்பதற்குத் தெளிவான சான்று.

5. நிறுத்தும் பொத்தான்

உருமாற்றக் காட்சியில் திரை ஒளிர்ந்து வடிவங்கள் மாறிமாறித் தோன்றும். அப்போது பி பொத்தானை அழுத்தினால் மாற்றம் நின்றுவிடும். உயிரி பழைய வடிவிலேயே இருக்கும். அடுத்த நிலையை எட்டும்போது மீண்டும் முயலும். ஒவ்வொரு முறையும் நிறுத்தலாம்.

இப்பொத்தானின் பயன் உணர்வுக்கு மட்டும் உரியதென்று கருதுவது தவறு. சார்மாண்டர் தீச்சுடர் வீச்சு என்னும் வலிய தாக்குதலை 38-ஆம் நிலையில் கற்கிறது. சார்மிலியன் 42-இல் கற்கிறது. சாரிசார்ட் 46-இல் கற்கிறது. அதாவது மாறாத உயிரிக்கு 47,846 அனுபவப் புள்ளிகளில் கிடைப்பது, முழுதும் மாறிய உயிரிக்கு 89,523-இல்தான் கிடைக்கிறது. ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பு. பொறுமையுள்ள ஆட்டக்காரர் 22 நிலைகள் உயிரியைக் குட்டியாகவே வைத்திருந்து, அத்தாக்குதலைக் கற்பித்தபின் 39-இல் ஒரு மாற்றத்தையும் 40-இல் மற்றொன்றையும் அடுத்தடுத்து அனுமதிக்கலாம். இடைப்பட்ட காலம் முழுவதும் மெலிந்த உடலோடு அது மோதவேண்டியிருக்கும்.

ஆகவே ஒரே பொத்தான் இரு எதிர்நோக்கங்களுக்கு உதவுகிறது. உயிரி இப்போதிருக்கும் வடிவிலேயே இருக்கவேண்டும் என்ற பற்றினால் ஒருவர் அதை அழுத்துகிறார். அதிக வலிமையை விரைவில் கறக்கவேண்டும் என்ற கணக்கினால் மற்றொருவர் அழுத்துகிறார். விளையாட்டால் இவ்விருவரையும் வேறுபடுத்த இயலாது. இரு செயல்களுக்கும் பொதுவானது ஒன்று: முடிவு உயிரியுடையது அன்று. மாற முனைவது உயிரியின் உடல். அதை அனுமதிப்பதும் தடுப்பதும் மனிதரின் விரல். நண்பன் என்று அழைக்கப்படும் ஒன்றின் வளர்ச்சியை மற்றவர் விருப்பத்திற்கு முழுமையாக உட்படுத்தும் இவ்விதி, உரையாடல் போற்றும் தோழமையை ஐயத்திற்குள்ளாக்குகிறது.

கீழ்ப்படிதல் விதியும் இதனையே வலுப்படுத்துகிறது. வேறொருவரிடமிருந்து பெற்ற உயிரி, போதிய பதக்கங்கள் இல்லாதவரின் கட்டளையை மீறக்கூடும். ஆட்டக்காரருக்கே உரிய தொடக்க உயிரி எந்நிலையிலும் மீறாது. 1997-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் இதற்கு மாறான வழியை மேற்கொண்டது. அதில் பழைய உரிமையாளரால் கைவிடப்பட்ட சார்மாண்டர் மழையில் வாலின் தீ அணையும் நிலையில் மீட்கப்படுகிறது. ஆனால் சார்மிலியனாக மாறியபின் தன் பயிற்சியாளரின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. தொடர் உருமாற்றத்தைப் பருவ மாற்றமாகக் கண்டு, அன்பை மீண்டும் ஈட்டவேண்டிய ஒன்றாக்கியது. விளையாட்டில் அன்பு முன்பே உறுதிசெய்யப்பட்டுவிடுகிறது.

6. மறுக்கும் உயிரி

தொடரின் தாக்கத்தால் 1998 செப்டம்பர் 12 அன்று ஜப்பானில் வெளிவந்த மஞ்சள் பதிப்பில் தொடக்க உயிரி பிக்காச்சு மட்டுமே. தேர்வு இல்லை. அது பந்துக்குள் அடங்காமல் ஆட்டக்காரரின் பின்னால் நடந்துவருகிறது. திரும்பிப் பேசினால் அதன் மனநிலையை முகத்தில் காட்டுகிறது. இடிக்கல் என்னும் பொருளைக் கொடுத்தால் பிக்காச்சு ரைச்சுவாக மாறவேண்டும் என்பது விதி. ஆனால் இந்தப் பிக்காச்சு அக்கல்லை மறுத்துவிடுகிறது.

இம்மறுப்பு திறனாய்வில் உரிய கவனம் பெறவேண்டியது. முதல் தலைமுறையில் தொடக்க உயிரி ஒன்று தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் ஒரே இடம் இதுவாகும். அதற்கான விலையும் கணக்கில் தெரிகிறது: பிக்காச்சுவின் அடிப்படைப் பண்புகளின் கூட்டு 260, ரைச்சுவுக்கு 395. முதல் கூடத்தில் நிலத் தன்மையுடைய ஜியோட்யூட், ஓனிக்ஸ் ஆகியவற்றின்மேல் மின் தாக்குதல் சிறிதும் பயன்படாது. மெலிந்த தோழனோடு பயணத்தைத் தொடர்வதா, அதனைப் பெட்டியில் இட்டுவிட்டு வலிய உயிரிகளை நாடுவதா என்னும் முடிவை ஆட்டக்காரரே எடுக்கவேண்டும். பெட்டியில் இட்டால் அதன் நேசக் கணக்கு குறையும். ஆனால் அந்நேசத்தால் மோதலில் கூடுதல் வலிமை எதுவும் கிடைப்பதில்லை. பயன் கருதாது பேணவேண்டிய உறவு ஒன்றை விதியே உருவாக்கியிருக்கிறது.

இந்நிலை நீடிக்கவில்லை. 1999-இல் வெளிவந்த அடுத்த தலைமுறையில் நேசம் சில உயிரிகளின் உருமாற்றத்திற்கு நிபந்தனையானது. நேசத்தின் அளவுக்கேற்ப வலிமை பெறும் தாக்குதலும் வந்தது. பிக்காச்சுவின் சிறப்புத் தாக்குதலை இரட்டிக்கும் ஒளிப்பந்தும் வந்தது. 2013-இன் எக்ஸ், ஒய் பதிப்புகளில் தடவிக்கொடுத்து வளர்த்த உயிரி வீழவேண்டிய அடியிலும் தாக்குப்பிடிக்கக்கூடும். அன்புக்கும் வெற்றிக்கும் இருந்த இடைவெளியை இம்மாற்றங்கள் நிரப்பின. ஆனால் அன்பு செலுத்தினால் வெல்லலாம் என்றானபின், வெல்வதற்காக அன்பு செலுத்துவதும் இயல்பாகிவிடுகிறது. பயனற்றதாக இருந்தபோது நேசம் கொண்டிருந்த தூய்மையை அது பயனுள்ளதானபோது இழந்தது எனலாம்.

7. பெயரும் பெட்டியும்

உருமாற்றத்தில் வடிவம், பண்பு, தன்மை யாவும் மாறலாம். மாறாமல் தொடர்வன இரண்டு: ஆட்டக்காரர் இட்ட பெயர், உரிமையாளரின் அடையாள எண். பெயரிடாத சார்மாண்டர் மாறியதும் திரையில் சார்மிலியன் என்றே அழைக்கப்படும். பழைய பெயரின் தடம் இராது. பெயரிடப்பட்ட உயிரி எவ்வளவு மாறினும் அதே பெயரால் அழைக்கப்படும். 'அது அதேதானா' என்று முதற்பகுதியில் எழுந்த வினாவுக்கு விளையாட்டு அளிக்கும் விடை இதுவே: தொடர்ச்சியை உடல் தருவதில்லை, அழைப்பவர் தருகிறார்.

இதன் மறுபக்கம் பெட்டி. உடன் கொண்டுசெல்லக்கூடியவை ஆறு உயிரிகள். கணினியில் உள்ள பெட்டிகளில் மொத்தம் 240 உயிரிகளை வைக்கலாம். சேகரிப்பை நோக்கமாகக் கொண்ட விளையாட்டில் பெரும்பாலான உயிரிகள் பெயரின்றி அப்பெட்டிகளில் கிடக்கின்றன. தொடக்க உயிரி பெறும் தனிக்கவனம் மற்றவற்றின் கவனிப்பின்மையோடு சேர்ந்தே நிலவுகிறது. பொதுவாக மோதலில் பங்கேற்றவையே அனுபவப் புள்ளிகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றை வலுப்படுத்துவது பிறவற்றிற்குக் கிடைக்க வேண்டியதைக் குறைப்பதாகவே அமைகிறது. பற்று இங்கே பங்கீட்டுச் சிக்கலாகவும் இருக்கிறது.

முடிவுரை

போக்கிமான் முதல் தலைமுறை விளையாட்டுகள் தோழமையைப் பேசி ஆதிக்கத்தைச் செய்கின்றன என்று ஒரே வரியில் தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. ஓனிக்ஸின்முன் தீப்பொறியைக் கண்டுபிடிக்கும் ஆட்டக்காரர் தன் உயிரியைக் கூர்ந்து அறிகிறார். அவ்வறிதல் பற்றாக மாறுகிறது. விதியிலிருந்தே தோழமை பிறக்கும் இடம் அது. நிறுத்தும் பொத்தானும் மாறாக் கீழ்ப்படிதலும் அத்தோழமையின் ஒருதலைத் தன்மையைக் காட்டுகின்றன. பிக்காச்சுவின் மறுப்பு, உயிரிக்கும் விருப்பம் உண்டு என்பதை விதியாகவே எழுதியது. எனினும் 2018-இல் வெளிவந்த 'லெட்ஸ் கோ' பதிப்புகளில் துணை உயிரிகளான பிக்காச்சுவும் ஈவியும் உருமாறாதபடியே அமைக்கப்பட்டாலும், அவற்றிற்குத் தனி வலிமைகள் வழங்கப்பட்டன. மறுப்பின் விலை நீக்கப்பட்டது.

விலை இல்லாத மறுப்பு மறுப்பாக உணரப்படுவதில்லை. சார்மாண்டரை 15-ஆம் நிலைவரை வளர்த்து, அடுத்த மோதலில் அது மாறப்போகிறது என்று அறிந்து, பி பொத்தானின்மேல் விரலை வைத்திருக்கும் ஆட்டக்காரரின் தயக்கத்தில்தான் இவ்விளையாட்டின் பொருள் தங்கியிருக்கிறது. அத்தயக்கத்தை உண்டாக்குவது கதையா விதியா என்று பிரித்துரைக்க இயலாது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும் முறையே காணொளி விளையாட்டுத் திறனாய்வுக்குத் தமிழில் வேண்டப்படுவது.